பதினொன்றாம் எண் லாக்கரில் இருந்த மஞ்சள் நோட்டு

அனுப்புநர்:
மூத்த உதவியாளர் (ஒப்பந்தப் பணி), பணி எண் 37,
கிருமி நீக்கப் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
தலைவர், ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைத் தேர்வுக் குழு.

பொருள்: இரத்தப் புற்றுநோயாளியான என் தங்கையின் பெயரை மாற்றுச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்கிய முடிவு – அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட தவறு அவளுடையதன்று, என்னுடையது – முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வுக் குழுவின் இம்மாதம் 9ஆம் தேதி முடிவு, வரிசை எண் 4.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் யார் மீது என்று முதலில் சொல்வதுதான் முறை. இது என் மீதே நான் கொடுக்கும் புகார். தாங்கள் வேலைப் பளு மிக்கவர் என்பதை அறிவேன். ஆயினும் வரும் வியாழக்கிழமை, 16ஆம் தேதி, குழு மறுபடி கூடுவதற்குள் இதைக் கடைசி வரி வரை படித்துவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பாதியில் மூடி வைத்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து நான் எழுதியதாகத் தோன்றும். அப்படியில்லை.

1. நான் இம்மருத்துவமனையின் கிருமி நீக்கப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் பணிபுரிகிறேன். ஆட்டோகிளேவ் என்னும் ஆவிப் பெட்டியில் அறுவைக் கருவித் தட்டுகளை ஏற்றி இறக்குவது என் முதல் வேலை. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், ஐந்தாம் தளத்தில் உள்ள மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் இரண்டாம் கதவில் நிற்பது மற்றொரு வேலை. உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். துடைக்க முடிந்ததைத் துடைத்து அனுப்புவேன், ஆவியில் வேக வைக்க முடிந்ததை வேக வைத்து அனுப்புவேன், இரண்டும் முடியாததை லாக்கரில் போட்டுப் பூட்டுவேன். அங்குள்ள செவிலியர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘செக்போஸ்ட்’. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என் கதவு வழியாக ஒரு கிருமியும் போனதாக எந்த அறிக்கையும் இல்லை.

2. என் தங்கைக்கு வயது முப்பத்து நான்கு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல் சுற்று மருந்துக்கு நோய் அடங்கவில்லை. இரண்டாம் சுற்றில் அடங்குவதுபோல் அடங்கி, நாற்பதே நாளில் திரும்பி வந்தது. மூன்றாவதாகக் கொடுத்த புது மருந்துக்குத்தான் இறங்கி வந்தது. சென்ற மாதம் 24ஆம் தேதி எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் அணு ஒன்றும் காணப்படவில்லை. இந்த மருந்து நோயைப் பிடித்து வைத்திருப்பது ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு வாரம், அதற்குள் மாற்றுச் சிகிச்சை நடந்தாக வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இன்றோடு மூன்று வாரம் முடிந்துவிட்டது.

3. செல் கொடுப்பவளும் நானே. கூடப் பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இரத்தம் பார்த்ததில் பத்துக்குப் பத்தும் பொருந்தியது. “கல்யாணத்துக்கே எனக்குப் பத்துப் பொருத்தம் யாரும் பாக்கல, உனக்கும் எனக்கும் பாரேன்” என்று அவள் சிரித்தாள். ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் இரு கையையும் நீட்டிப் படுத்துக் கொடுத்த செல்கள் நான்கு பைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் அவள் பதிவு எண்ணும் என் பதிவு எண்ணும் ஒட்டியிருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் உறைகலன் நான் தட்டு ஏற்றும் அறைக்கு இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கை கழுவப் போகிறேன்.

4. இனி நோட்டு விஷயம். இந்நோய்க்கான மருந்தில் ஸ்டீராய்டும் ஒன்று என்பது தாங்கள் அறிந்ததே. இரண்டு ஆண்டுகள் விட்டு விட்டு அதைத் தின்றதில் என் தங்கையின் உடம்புக்குள் இருக்கும் சுரப்பிகள் எல்லாம் தாறுமாறாயின. சர்க்கரை நானூறைத் தொட்டது. மாதவிலக்கு நின்றது. முகம் பூரித்து உருண்டையானது. அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அம்மாள், மாப்பிள்ளை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் போலிருக்கிறது, ஏதாவது விசேஷமா என்று வாசலில் நிறுத்திக் கேட்டார். கேட்டவர் மேல் குற்றமில்லை. அன்று அவள் உள்ளே வந்து, குளியலறைக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டாள். அந்தத் துண்டு இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

5. எல்லாவற்றிலும் மோசமானது, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி வேலையை நிறுத்தியது. நம் பழைய கட்டடத்தில் இருக்கும் ஹார்மோன் மருத்துவர் அதை எனக்குப் புரியும்படி சொன்னார். “வெளியிலேர்ந்து மாத்திரையா வந்துக்கிட்டே இருந்ததால அது தூங்கிடுச்சும்மா. இந்தச் சின்ன மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. விட்டா தாங்கிப் பிடிக்க உள்ள யாருமில்ல” என்றார். காலையில் இரண்டு, மதியம் ஒன்று, மாலையில் அரை. இந்தக் கணக்கை அவர் தம் கையால் எழுதுவது ஒரு மஞ்சள் நோட்டில். அந்தப் பிரிவு இன்னும் கம்ப்யூட்டரில் சேரவில்லை. நோயாளி எங்கே போனாலும் நோட்டும் கூடப் போக வேண்டும் என்பதுதான் அவர்களின் ஏற்பாடு.

6. மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் ஏற்பாடோ நேர் எதிர். காகிதத்தைத் துடைக்கவும் முடியாது, வேக வைக்கவும் முடியாது. ஆகவே காகிதம் உள்ளே போகாது. வெளி மாத்திரையும் போகாது. உள்ளே கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் மருந்து. ஒரு கட்டடத்தில் நோட்டு இல்லாமல் மாத்திரை இல்லை, இன்னொரு கட்டடத்தில் நோட்டுக்கே இடமில்லை. இரண்டு விதியும் தனித்தனியே சரியானவைதாம், ஐயா. சேர்ந்து நடக்கும்போது நோயாளி நடுவில் விழுந்துவிடுகிறார். துடைத்து அனுப்பக்கூடிய பிளாஸ்டிக் அட்டையில் இந்த மாத்திரைக் கணக்கை எழுதித் தரலாமே என்று இருமுறை வாய்மொழியாகவும் ஒருமுறை எழுத்திலும் கேட்டிருக்கிறேன். எழுதிக் கேட்டது போன ஆண்டு. பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

7. இந்தக் குழியை மூட நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்த விதியிலும் அது இல்லை. யாராவது நோட்டோ சீட்டோ கொண்டுவந்தால், லாக்கரில் பூட்டுவதற்கு முன் சுவரில் இருக்கும் சிறு கண்ணாடி ஜன்னலில் ஒவ்வொரு பக்கமாக விரித்து ஒட்டிப் பிடிப்பேன். உள்ளே இருக்கும் செவிலியர் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். பத்து நிமிடம் ஆகும், கை கடுக்கும், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாக வந்தவர் போனவர் எல்லோருக்கும் இதைச் செய்திருக்கிறேன். பெயர்கூடத் தெரியாதவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

8. இம்மாதம் 1ஆம் தேதி புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு என் தங்கை இரண்டாம் கதவுக்கு வந்தாள். அந்த வாரம் கதவில் நான். கைப்பையில் துணி, சீப்பு (தலையில் ஒரு முடி இல்லை, ஆனாலும் சீப்பு), மஞ்சள் நோட்டு, அதற்குள் மாத்திரை அட்டை. மற்றவற்றை வாங்கி வைத்துவிட்டு நோட்டுக்குக் கை நீட்டினேன். “அக்கா, இது மட்டும் எங்கூட வரட்டுமே” என்றாள். “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். குடு” என்றேன். கொடுத்துவிட்டாள். உறையில் போட்டு, சீட்டுக் கட்டி, நேரம் எழுதி, சுருக்கொப்பம் இட்டு, பதினொன்றாம் எண் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். கண்ணாடியில் காட்டவில்லை.

9. ஏன் காட்டவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் பதினொரு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் வரிசையில் என் தங்கையை நான் முன்னால் அனுப்பினேன் என்று யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அது பொய். அவள் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றாள். ஆயினும் பணியில் உறவினருக்குச் சலுகை காட்டக் கூடாது என்று எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் என் பெயர் மூன்றாவது. கண்ணாடியில் நோட்டை விரித்துப் பிடிப்பது விதியில் இல்லாத காரியம் என்பதால், என் தங்கைக்கு மட்டும் அது சலுகை என்று எனக்குத் தோன்றிவிட்டது. வார்டில் எப்படியும் கேட்டு எழுதிக்கொள்வார்கள் என்றும் எண்ணிக்கொண்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று என் சதை ஆடத்தான் செய்தது. நான்தான் ஆடவிடாமல் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். ஊராருக்கெல்லாம் செய்ததை உடன்பிறந்தவளுக்குச் செய்யவில்லை, ஐயா. நேர்மை என்று நினைத்துத்தான் செய்யவில்லை.

10. உள்ளே அவளுக்கு வேளைக்குப் பதினான்கு மாத்திரை ஒரு சிறு கிண்ணத்தில் வந்திருக்கிறது. நிறமும் வடிவமும் வீட்டில் தின்றவை போல் இல்லை. அக்கா எல்லோருக்கும் கண்ணாடியில் காட்டுவாள் என்பது அவளுக்குத் தெரியும், நானே சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொன்னதுதான். ஆகவே தன் மாத்திரையும் அந்தப் பதினான்கில் ஒன்று என்று நம்பி விழுங்கியிருக்கிறாள். இதை அவள் தன் கணவரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணி என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், அதனால்தான் அது அதிகம் வலித்தது.

11. மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல், காலைக் கதவுப் பணி முடிந்து நான் தரைத்தளத்தில் தட்டு இறக்கிக்கொண்டிருந்தபோது லிப்ட் இயக்குபவர் வந்து, உங்கள் தங்கையைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றுகிறார்கள் என்றார். வாந்தி, இரத்த அழுத்தம் அதலபாதாளம், கேட்டதற்குப் பதில் இல்லை. கிருமித் தொற்று என்று நினைத்து அதற்கான மருந்துகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பிரிவில் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். தொற்று என்ற சொல்லைக் கேட்டதும் என் கதவு வழியாக எப்படிப் போயிருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன். பொருள் பொருளாக மனத்துக்குள் திருப்பிப் பார்த்தேன். துணி, சீப்பு, நோட்டு. நோட்டு என்றதும் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் போட்ட முதல் தட்டு அது.

12. ஐந்து மாடியும் படியில் ஏறினேன். லாக்கரைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடியில் அறைந்து பிடித்தேன். படியேறி வந்த மூச்சிரைப்பில் எழுத்து நிற்கவில்லை. உள்ளே இருந்த செவிலியர், அசையாமல் பிடியுங்கள் என்று சைகை காட்டினார். பிறகு ஹார்மோன் மருத்துவரே ஓடி வந்து ஊசி போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் என் தங்கை கண் திறந்து, பசிக்கிறது என்று சொல்லி ரொட்டி கேட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்று நினைத்தேன். போகவில்லை.

13. 9ஆம் தேதி தங்கள் குழு அவள் பெயரை நீக்கி, மூன்று மாதம் கழித்துப் பரிசீலிக்கலாம் என்று முடிவு செய்தது. அதன் நகல் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. காரணத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: ‘தாம் உட்கொண்டு வந்த ஹார்மோன் மாத்திரை பற்றி நோயாளி அனுமதியின்போது தெரிவிக்கவில்லை. விசாரித்ததில், மறந்துவிட்டதாகக் கூறினார். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் மருந்து ஒழுங்கு தேவைப்படுவதால், இவருடைய ஒத்துழைப்பு ஐயத்துக்குரியது.’ மூன்று மாதம் என்று எழுதியவருக்கு ஆறு வாரக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

14. என் தங்கை மறக்கவில்லை, ஐயா. இரண்டு ஆண்டுகளில் ஒரு வேளை மாத்திரையை அவள் தவறவிட்டதில்லை. பாடம் நடத்தும்போதுகூட, கற்றுக்கொள்பவரை ஓரமாக நிறுத்தச் சொல்லி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த கியருக்குப் போகச் சொல்வாள். அனுமதிப் படிவத்தின் ஏழாம் கேள்வி, ‘வேறு பிரிவின் நோட்டு உள்ளதா?’ என்பது. அதற்கு அவள் ‘ஆம்’ என்று குறியிட்டிருக்கிறாள். ‘உடன் கொண்டு வந்துள்ளேன்’ என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் குழுவின் முன் யாரும் வைக்கவில்லை போலும்.

15. நேற்று மாலை பொது வார்டில் அவள் கட்டிலருகே நின்று, ஏன் மறந்துவிட்டதாகச் சொன்னாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. போர்வை நுனியை மடித்துக்கொண்டே, “நோட்டு எங்கேன்னு கேட்டா உன்னச் சொல்லணும். லிஸ்ட்ல உன் பேரு மூணாவதா இருக்கு. மறந்துட்டேன்னு சொன்னா திட்டுவாங்க, அவ்வளவுதானேன்னு நெனச்சேன்” என்றாள். மறந்துவிட்டேன் என்ற ஒரு சொல்லுக்கு விலை என்னவென்று அவளுக்குத் தெரியாது. முடிவின் நகலை நான் இன்னும் அவளுக்குக் காட்டவில்லை. சர்க்கரை கூடியதால் தேதி தள்ளிப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

16. அவள் உடம்பு தாங்காது என்ற ஐயமும் முடிவில் ஒரு வரியாக இருக்கிறது. அவள் மயங்கியது மாத்திரை இல்லாததால்தான், மாத்திரை கிடைத்தால் சிகிச்சையைத் தாங்குவாள், வீரியமான மருந்து கொடுக்கும் நாட்களில் அளவைக் கூட்டித் தர வேண்டும், அவ்வளவே என்று ஹார்மோன் மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். இணைத்துள்ளேன். புற்றுநோய் மருத்துவரும், நோய் இன்றுவரை அடங்கியே இருக்கிறது, இடம் கிடைத்தால் திங்கட்கிழமையே தொடங்கலாம் என்கிறார். அந்த இடம் தங்கள் கையில் இருக்கிறது.

17. ஆகவே நான் தங்களிடம் வேண்டுவன: வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மேற்படி முடிவை எடுத்துக்கொண்டு, ‘நோயாளி தெரிவிக்கவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘நோட்டைக் கதவில் வாங்கி வைத்த பணி எண் 37 தெரிவிக்கவில்லை’ என்று எழுத வேண்டும். என் தங்கையின் பெயரை இருந்த இடத்திலேயே மீண்டும் சேர்க்க வேண்டும். நோட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை கொடுக்கும் என் பழைய கோரிக்கையைப் பரிசீலனையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். என்னைப் பற்றி விசாரித்து, விதிப்படி என்ன உண்டோ அதைச் செய்யலாம். நிரந்தரப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் வேறு யார் பெயரை எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை, லாக்கர் சீட்டில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

18. இந்த மனு எழுதுவது என் தங்கைக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போடுவாள், நான் மறுபடி எழுதுவேன், நாள் வீணாகும். என் பொருட்டு அவள் ஒரு பொய் சொன்னாள். அதை அவள் மேல் குற்றமாகக் கொள்ள வேண்டாம். அவளைக் கூப்பிட்டு விசாரிக்க நேர்ந்தால், அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று முதலில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வாள், அவ்வளவு பிடிவாதக்காரி.

19. கடைசியாக ஒன்று. அவளை மீண்டும் உள்ளே அனுமதிக்கும் நாளில் நான் பணியில் இருப்பேனோ மாட்டேனோ தெரியாது. இல்லாவிட்டால், இரண்டாம் கதவின் கண்ணாடியில் அந்த மஞ்சள் நோட்டை விரித்துப் பிடிக்கத் தயவுசெய்து வேறொருவரை நிறுத்துங்கள். ஹார்மோன் மருத்துவரின் எழுத்து பொடி எழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் மாலை அரை மாத்திரை என்பது ஓரத்தில் எழுதியிருக்கிறது, கண்ணில் படாது. அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் ஒரு வரி உத்தரவை எதிர்நோக்கி,

(கையொப்பம்)
பணி எண் 37,
நோயாளியின் அக்காவும் செல் கொடையாளரும்

இடம்: கிருமி நீக்கப் பிரிவு, தரைத்தளம்
நாள்: இம்மாதம் 14, செவ்வாய்க்கிழமை

இணைப்பு:
லாக்கர் எண் 11-இன் சீட்டு, அசல் (1ஆம் தேதி, காலை 9.40).
அனுமதிப் படிவத்தின் இரண்டாம் பக்கம், நகல்.
ஹார்மோன் மருத்துவரின் கருத்துக் கடிதம்.
எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம், நகல்.
மஞ்சள் நோட்டு இணைக்கப்படவில்லை. அது இப்போது என் தங்கையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இனி அதை யார் கேட்டாலும் தர மாட்டாள்.